இழந்த வேலைக்கு ஈடு: அமெரிக்கச் சட்டமொன்றின் அறுபதாண்டு வரலாறு

நாடுகளுக்கிடையே நடைபெறும் வாணிபம் எல்லோருக்கும் நன்மை பயக்கும் என்பது முதலாளித்துவப் பொருளியலின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. ஒரு நாடு எப்பொருளை ஒப்பீட்டளவிற் குறைந்த செலவில் ஆக்கவல்லதோ அப்பொருளை ஆக்கி, ஏனையவற்றைப் பிறரிடம் வாங்குமாயின் இரு நாடுகளும் பயனடையும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டேவிட் றிக்காடோ விளக்கினார். எமது பாடசாலைகளிலே பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் அக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றனர். கணக்குப் பிழையானதன்று. ஆனால் அதில் ‘நாடு’ என்ற சொல் மட்டுமே வருகிறது. நாட்டினுள்ளே இலாபமடைபவர் யார், இழப்பவர் யார் என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. வெளிநாட்டுத் துணி வந்து இறங்கும்போது துணி மலிவாகிறது. உள்நாட்டில் அதனை நெய்தவள் வேலையிழக்கிறாள். மலிவினால் வந்த நன்மை பல கோடி மக்களிடையே சில சதங்களாகப் பரவுகிறது. இழப்போ ஒரு சில ஊர்களின் மேல், ஒரு சில ஆயிரம் குடும்பங்களின் மேல் முழுப் பாரத்துடன் விழுகிறது.

இதனைப் பொருளியலாளர் அறியாதவர்களல்லர். 1939ஆம் ஆண்டிலே நிக்கலஸ் கல்டோரும் ஜோன் ஹிக்சும் இதற்கு ஒரு விடை கூறினர். 1958இல் எமது நாட்டுக்கு வந்து வரிச் சீர்திருத்தம் பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறிய அதே கல்டோரே இவர். ஒரு மாற்றத்தினாற் பயனடைந்தவர்கள், அதனால் இழந்தவர்களுக்கு முழு ஈடு கொடுத்த பின்னரும் தமக்கு மிச்சம் இருக்குமாயின் அம்மாற்றம் செல்வத்தைப் பெருக்குவதே என்பது அவர்கள் காட்டிய அளவுகோல். ஈடு உண்மையாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பது அவ்வளவுகோலில் இல்லை. கொடுக்கக்கூடியதாக இருந்தாற் போதும். கொடுப்பதா விடுவதா என்பது அரசியலின் பொறுப்பு என்று விடப்பட்டது.

அரசியல் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றியது? இதற்கு விடை காண, ஈடு கொடுப்போம் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிக்கொடுத்த ஒரு நாட்டின் அனுபவத்தை நாம் ஆராயலாம். உலக முதலாளித்துவத்தின் தலைமை நாடாகிய ஐக்கிய அமெரிக்கா, வெளிநாட்டு வாணிபத்தினால் வேலையிழக்கும் தொழிலாளருக்கு உதவியளிக்கும் ஏற்பாட்டை 1962ஆம் ஆண்டில் உருவாக்கியது. 2022ஆம் ஆண்டில் அதன் வாயில் மூடப்பட்டது. இடைப்பட்ட அறுபதாண்டு வரலாறு, ஆளும் வர்க்கம் உழைப்பாளருக்குக் கொடுக்கும் வாக்குறுதியின் இயல்பை எமக்கு நன்கு புலப்படுத்துகிறது.

1

1930ஆம் ஆண்டின் ஸ்மூட்–ஹோலி சட்டம் அமெரிக்கா தனது சந்தையைச் சுற்றி எழுப்பிய தீர்வை மதிலாகும். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1934இல், றூஸ்வெல்ற் அரசாங்கம் அம்மதிலைப் படிப்படியாகத் தாழ்த்தும் அதிகாரத்தைப் பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிவுற்றபோது ஐரோப்பாவின் ஆலைகளும் யப்பானின் ஆலைகளும் இடிபாடுகளாய்க் கிடந்தன. அமெரிக்கக் கைத்தொழிலுக்கு எதிரே நிற்க எவரும் இலர். அத்தகைய காலத்திலே தடையற்ற வாணிபத்தை ஆதரிப்பது அந்நாட்டு முதலாளிக்கு எளிதாயிற்று. ஏற்றுமதி பெருகினால் வேலை பெருகும் என்று கருதிய தொழிற்சங்கங்களுட் பலவும் அதனை ஆதரித்தன.

ஆயினும் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே சில கைத்தொழில்களில் இறக்குமதியின் அழுத்தம் உணரப்படலாயிற்று. 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் வெளிநாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். உருக்குக் கம்பனியொன்றின் தலைவரான கிளரன்ஸ் றன்டல் அதற்குத் தலைமை தாங்கினார். உறுப்பினருள் ஒருவர் உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட். 1954இல் வெளிவந்த அறிக்கையிலே அவர் தனது யோசனையைத் தனியே பதிவு செய்தார். தீர்வையைக் குறைப்பது நாடு முழுவதன் நன்மைக்காக எனின், அதனால் வரும் நட்டத்தையும் நாடு முழுவதுமே ஏற்க வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளியின் தலையில் மட்டும் அதனைச் சுமத்துதல் நீதியன்று என்பதே அவ்யோசனையின் சாரம்.

ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர் இதனை ஏற்கவில்லை. தொழிலாளர் பல காரணங்களால் வேலையிழக்கின்றனர். வாணிபத்தினால் இழந்தவனுக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை என்று அவர்கள் வினாவினர். கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வியிலிருந்து இரு முடிவுகளுக்குச் செல்லலாம்: வேலையிழந்த எல்லோருக்கும் உதவுவோம் என்பது ஒன்று, ஒருவருக்கும் உதவாதிருப்போம் என்பது மற்றொன்று. அவர்கள் இரண்டாவதையே தெரிந்தனர்.

எட்டாண்டுகளின் பின் நிலைமை மாறியது. 1957இல் உரோமில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையினால் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பொதுச் சந்தையொன்றை அமைத்தன. அச்சந்தைக்குள் அமெரிக்கப் பொருள் நுழைய வேண்டுமாயின், தீர்வைகளைப் பாதியளவு வரை குறைத்துப் பேரம் பேசும் அதிகாரம் ஜனாதிபதி கென்னடிக்குத் தேவைப்பட்டது. அவ்வதிகாரத்தைக் கொங்கிரசிலே பெறுவதற்குத் தொழிற்சங்கங்களின் ஆதரவு வேண்டும். ஜோர்ஜ் மீனியின் தலைமையிலிருந்த தேசியத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஆதரவு தந்தது. தொழிலாளருக்கு உதவியளிக்கும் பகுதி சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. 1962 ஒக்ரோபர் 11ஆம் திகதி வாணிப விரிவாக்கச் சட்டத்திலே கென்னடி ஒப்பமிட்டார்.

எழுத்தளவில் அச்சட்டம் தாராளமானது. வேலையிழந்தவருக்கு அவரது சராசரி வாரச் சம்பளத்தின் 65 சதவீதம் வரை, 52 வாரங்களுக்கு வழங்கப்படும். அறுபது வயதைக் கடந்தவருக்கு மேலும் 13 வாரங்கள். தொழிற்பயிற்சியை முடிக்க வேண்டியவருக்கு மேலும் 26 வாரங்கள். புதிய தொழிலைக் கற்பதற்கும், வேறோர் ஊருக்குக் குடிபெயர்வதற்கும் உதவி உண்டு.

2

சட்டம் நடைமுறைக்கு வந்த பின் நிகழ்ந்தது என்ன? 1962 முதல் 1969 நவெம்பர் வரை, ஏழு ஆண்டுகள், ஒரு தொழிலாளிகூட அச்சட்டத்தின் கீழ் ஒரு சதமேனும் பெறவில்லை. விண்ணப்பங்கள் வந்தன, வந்தவை யாவும் தள்ளப்பட்டன.

இதன் காரணத்தைச் சட்டத்தின் சொற்களிலேயே காணலாம். வேலையிழந்த தொழிலாளர் தீர்வை ஆணைக்குழுவின் முன் இரண்டு படிகளை நிறுவ வேண்டியிருந்தது. முதலாவது, தமது ஆலை ஆக்கும் பொருளின் இறக்குமதி பெருகியதற்கு அரசாங்கம் செய்த தீர்வைக் குறைப்பே பெரும்பகுதிக் காரணம் என்பது. இரண்டாவது, அவ்விறக்குமதியே தமது வேலையிழப்புக்கு முதன்மையான காரணம் என்பது. ஓர் ஆலை மூடப்படுவதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. இயந்திரங்கள் பழையனவாகின்றன, மக்களின் விருப்பம் மாறுகிறது, உள்நாட்டிலேயே போட்டி எழுகிறது, முதலாளி தனது மூலதனத்தை வேறிடத்துக்கு மாற்றுகிறான். இவையெல்லாம் சேர்ந்ததைவிட இறக்குமதி பெரிது என்று நிறுவுவது கற்றறிந்த பொருளியலாளருக்கே அரிது. தீர்வைக் குறைப்பு 1930களில் நிகழ்ந்திருக்கும். இறக்குமதி 1960களிற் பெருகியிருக்கும். இரண்டையும் இணைக்கும் சங்கிலியைப் பாதணித் தொழிற்சாலையிலே தோல் வெட்டிய ஒருவன் எவ்வாறு காட்டுவான்? தீர்வையைக் குறைக்கும்படி கோரிய வணிகரிடம் எவரும் இத்தகைய சான்றைக் கேட்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

தேவை இல்லாமையால் உதவி வழங்கப்படவில்லை என்று எவரேனும் வாதிடலாம். அதற்கு மறுப்பு அக்காலத்திலேயே உண்டு. 1965இல் கனடாவுடன் செய்துகொண்ட மோட்டார் வாகன உடன்படிக்கைக்கென அமெரிக்கா தனியானதோர் உதவி ஏற்பாட்டைச் செய்தது. அங்கே சான்றின் விதி தளர்த்தப்பட்டிருந்தது. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 2,500 தொழிலாளர் அவ்வேற்பாட்டின் கீழ் உதவி பெற்றனர். கதவு திறந்திருந்த இடத்தில் ஆட்கள் உள்ளே சென்றனர். பூட்டியிருந்த இடத்தில் வெளியே நின்றனர்.

1969இன் பின் ஆணைக்குழு சற்று இளகியது. ஆயினும் 1975 வரை தகுதி பெற்றோர் ஏறத்தாழ 54,000 பேர் மட்டுமே. அதற்குள் தொழிற்சங்கங்கள் பொறுமையிழந்திருந்தன. இச்சட்டம் வேலையைக் காப்பதன்று, செத்த வேலைக்கு அடக்கச் செலவு தருவது என்று அவை ஏளனம் செய்தன. எமது ஊர்களிலுள்ள மரண சகாய சங்கங்களை அறிந்தவர்களுக்கு இவ்வேளனத்தின் கூர்மை விளங்கும். ஆனால் மரண சகாய சங்கமாவது மரணம் நிகழ்ந்தது என்பதற்கு மேல் வேறு சான்று கேட்பதில்லை! எழுபதுகளின் தொடக்கத்திலே, 1962இல் தடையற்ற வாணிபத்தை ஆதரித்த அதே சம்மேளனம் இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் கோரி நின்றது.

3

மீண்டும் ஒரு பேரத்துக்கு அரசாங்கம் ஆயத்தமாயிற்று. புதியதொரு சர்வதேச வாணிபப் பேச்சுவார்த்தைக்கு அதிகாரம் தேவைப்பட்டது. 1975 ஜனவரி 3ஆம் திகதி ஜனாதிபதி ஃபோர்ட் ஒப்பமிட்ட 1974ஆம் ஆண்டு வாணிபச் சட்டம் பழைய பூட்டைத் தளர்த்தியது. தீர்வைக் குறைப்புடன் தொடர்பு காட்ட வேண்டியதில்லை. இறக்குமதி முதன்மைக் காரணமாக இருக்க வேண்டியதுமில்லை. வேலையிழப்புக்கு அது முக்கிய பங்களித்திருந்தாற் போதும். தீர்மானிக்கும் பொறுப்பு தொழில் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. உதவி சம்பளத்தின் 70 சதவீதமாக உயர்ந்தது.

இவ்வாறு திருந்திய சட்டத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காண்பதற்கு ஓகையோ மாநிலத்தின் யங்ஸ்ரவுண் நகருக்கு நாம் செல்ல வேண்டும். மகோனிங் ஆற்றின் கரையில் மைல்கணக்காக நீண்டுகிடந்த உருக்காலைகளால் வாழ்ந்த நகர் அது. 1977 செப்டெம்பர் 19ஆம் திகதி, திங்கட்கிழமை, யங்ஸ்ரவுண் ஷீற் அன்ட் ரியூப் கம்பனி தனது கம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அந்நகர மக்கள் அந்நாளை இன்றும் கறுப்புத் திங்கள் என்றே குறிப்பிடுகின்றனர்.

இறக்குமதி உருக்கே இதற்குக் காரணம் என்று கம்பனி கூறியது. அது முழுப் பொய்யன்று. எனினும் முழு உண்மையுமன்று. கப்பற்றொழிலில் வளர்ந்த லைக்ஸ் என்னும் நிறுவனம் 1969இல் அக்கம்பனியைத் தன்வசப்படுத்தியது. அதன்பின், ஆலையைப் புதுப்பிப்பதற்குச் செலவிட வேண்டிய பணம் வேறு வழிகளிற் சென்றது. யப்பானில் புதிய உலைகள் எழுந்துகொண்டிருந்த காலத்திலே, யங்ஸ்ரவுணில் முற்காலத்து உலைகளே எரிந்துகொண்டிருந்தன. பழைய உலை புதிய உலையிடம் தோற்பது வியப்பன்று. உலை ஏன் பழையதாகவே விடப்பட்டது என்பதன்றோ கேள்வி? இக்கேள்வியைக் கேட்கும் இடம் சட்டத்தில் இல்லை. எவ்வளவு இறக்குமதியாயிற்று என்று அது கேட்டது. இலாபம் எங்கே போயிற்று என்று அது கேட்கவில்லை.

யங்ஸ்ரவுண் தொழிலாளருக்கு உதவிப்பணம் கிடைத்தது. அது அவர்களின் அடுப்பை எரியவைத்தது. இதனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் அவர்கள் வேண்டியது வேறு. அந்நகரின் கிறித்தவ, யூத மதகுருமாரும் தொழிற்சங்கத்தினரும் கூட்டணியொன்றை அமைத்தனர். ஆலையைத் தொழிலாளரும் ஊர்மக்களும் சேர்ந்து வாங்கி நடத்துவது என்று முடிவு செய்தனர். வரலாற்றாசிரியராயிருந்து சட்டத்தரணியான ஸ்ரோட்டன் லின்ட், பொருளியலாளர் கார் அல்பெரோவிற்ஸ் முதலியோர் திட்டமிட உதவினர். பள்ளத்தாக்கைக் காப்பதற்கென்று மக்கள் தம் சேமிப்பை வங்கிகளில் வைப்பிட்டனர். மத்திய அரசாங்கம் கடனுக்குப் பிணை நின்றாற் போதும் என்று கேட்டனர். 1979இல் காட்டர் அரசாங்கம் அப்பிணையை மறுத்தது. வேலையற்றிருப்பதற்குப் பணம் கொடுத்த அரசாங்கம், வேலை செய்வதற்குப் பிணை நிற்க மறுத்தது.

அதே நகரில் யூ. எஸ். ஸ்ரீல் கம்பனியும் தன் ஆலைகளை மூடுவதாக 1979 நவெம்பரில் அறிவித்தது. தொழிலாளர் அதன் நிருவாகக் கட்டடத்துட் புகுந்து அமர்ந்தனர், நீதிமன்றம் சென்றனர். நூற்றாண்டுக் காலமாக ஒரு கம்பனியும் ஓர் ஊரும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தபின், ஊருக்கு அதில் ஏதும் உரிமை இல்லையா என்று அவர்கள் கேட்டனர். நீதிபதி மனமிரங்கினார், ஆனால் அவ்வாறான உரிமை எதனையும் சட்டத்திற் காண இயலவில்லை என்று தீர்த்தார். உருக்கில் முதலிடப் பணமில்லை என்று கூறிய அதே கம்பனி, 1982இல் 600 கோடி டொலருக்கு மேற்பட்ட விலையில் மரத்தன் என்னும் எண்ணெய்க் கம்பனியை வாங்கியது.

4

எண்பதுகளின் வாயிலில் நெருக்கடி மோட்டார்க் கைத்தொழிலைப் பற்றியது. எரிபொருள் விலை ஏறியது; யப்பானியச் சிறிய கார்கள் சந்தையைப் பிடித்தன. 1980இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உதவி பெற்றனர். அவ்வாண்டின் செலவு 160 கோடி டொலரை எட்டியது. முதன்முறையாகச் சட்டம் தன் வாக்கைக் காக்கத் தொடங்கியது எனலாம். தொடங்கிய உடனேயே அதன்மீது கத்தி விழுந்தது. பணம் மாதக்கணக்கில் தாமதித்து வந்தது, அதற்குள் பலர் பழைய வேலைக்கே திரும்பிவிட்டனர், பயிற்சி பெற்றோர் மிகச் சிலரே என்ற குறைகள் இருந்தன. இக்குறைகளைத் திருத்துவதற்குப் பதிலாக, 1981இல் றேகன் அரசாங்கம் உதவியையே வெட்டியது. 1982இன் செலவு பத்துக் கோடி டொலர் அளவிற்கு வீழ்ந்தது. வேலையின்மை மிக மோசமாக இருந்த ஆண்டுகளுள் அதுவும் ஒன்று.

அரசாங்கம் கைவிட்ட தொழிலாளியின் சினம் எத்திசையிற் செல்லும்? 1982 யூன் மாதத்திலே டெற்றோயிற் நகரப் பகுதியில் வின்சென்ற் சின் என்ற சீன வமிச அமெரிக்க இளைஞன் தாக்கப்பட்டு நான்கு நாட்களின் பின் இறந்தான். தாக்கியவருள் ஒருவர் மோட்டார்த் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளர். மற்றவர் அத்தகைய வேலையொன்றை இழந்தவர். தம் வேலைகளைப் பறித்த யப்பானியருள் ஒருவனாக அவனைக் கருதினர் என்று சாட்சியம் கூறியது. அவனோ யப்பானியனுமல்லன், கார் செய்பவனுமல்லன். கொன்றவர்களுக்கு மூவாண்டு நன்னடத்தைப் பிணையும் 3,000 டொலர் அபராதமுமே தண்டனை. அவர்கள் இக்கொலைக்காகச் சிறை செல்லவேயில்லை. உலையைப் புதுப்பிக்காத முதலாளியைத் தொழிலாளி காண்பதில்லை; அயலிலுள்ள வேற்று முகத்தையே காண்கிறான். இனப்பகையின் கொடுமையை நன்கு அறிந்தவர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியைத் தொலைதூரச் செய்தியாகக் கொள்ள முடியாது.

5

இதன்பின் சட்டத்தின் வரலாறு ஒரே தாளத்தில் நடந்தது. வாணிப ஒப்பந்தத்துக்கு வாக்குத் தேவைப்படும்போது உதவி விரியும். 1988இல் வாணிபச் சட்டத்தோடு திருத்தப்பட்டது. பயிற்சியும் உதவியின் நிபந்தனையாயிற்று. 1993இல் மெக்சிக்கோ, கனடா நாடுகளுடனான வட அமெரிக்க ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது அதற்கென ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. 2002இல் ஜனாதிபதி புஷ்ஷுக்குப் பேரம் பேசும் அதிகாரம் வழங்கியபோது, மருத்துவக் காப்புறுதிக்கு வரிச்சலுகையும், ஐம்பது வயதைக் கடந்தோர் குறைந்த சம்பளத்தில் வேலையேற்றால் வித்தியாசத்தின் பாதியை இரண்டாண்டு வரை ஈடுசெய்யும் ஏற்பாடும் வந்தன. 2009இல் மட்டும், நிதி நெருக்கடியின் நடுவே, பேரமேதுமின்றி உதவி விரிந்தது.

2001 டிசெம்பரிலே சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் இணைந்தது. 2000ஆம் ஆண்டில் ஒரு கோடி எழுபது இலட்சத்துக்கு மேலிருந்த அமெரிக்க ஆலைத் தொழிலாளர் தொகை, 2010இல் ஏறத்தாழ ஒரு கோடி பதினைந்து இலட்சமாகக் குறைந்தது. இயந்திரமயமாதலும் 2008இன் நெருக்கடியும் இதிற் பெரும் பங்கு வகித்தன. ஆயினும் 1999க்கும் 2011க்கும் இடையே 20 முதல் 24 இலட்சம் வேலைகள் சீன இறக்குமதியின் நேர், மறைமுக விளைவுகளால் இல்லாதொழிந்தன என்று பொருளியலாளர் குழுவொன்று கணித்தது.

2003 யூலை 30ஆம் திகதி வட கரோலினாவின் கனப்பொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பில்லோரெக்ஸ் என்னும் புடைவைக் கம்பனி மூடப்பட்டது. 6,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர், பெரும்பாலோர் அம்மாநிலத்தவர். துவாயும் படுக்கைவிரிப்பும் நெய்த அவர்களுட் பலர், பாட்டன் காலத்திலிருந்து ஒரே ஆலையில் உழைத்த குடும்பத்தினர்; பாடசாலைப் படிப்பை முடியாமலே தறிக்குச் சென்றவர்கள். ஐம்பது வயதிலே அவர்களிற் பலர் இச்சட்டத்தின் உதவியோடு கல்லூரி வகுப்பிற் சென்று அமர்ந்தனர். கல்வி எக்காலத்தும் நல்லதே. ஆயின் கற்று முடித்தபோது தறி இருந்த இடத்தில் அதற்கு ஈடான வேலை காத்திருந்ததா என்பதே அவர்களது கவலை.

அதே காலத்திலே கணினி நிரல் எழுதியோரின் வேலைகளும் கடல் கடந்தன. அவர்கள் விண்ணப்பித்தபோது, கணினி நிரல் தொட்டறியக்கூடிய பொருளன்று. ஆகவே நீங்கள் ‘பொருள்’ ஆக்கியவர்களல்லர் என்று தொழில் திணைக்களம் மறுத்தது. சர்வதேச வாணிப நீதிமன்றம் பன்முறை இம்முடிவுகளைத் திருப்பி அனுப்பியது. 2006இலேயே திணைக்களம் தன் நிலையைத் தளர்த்தியது. சேவைத்துறைத் தொழிலாளர் சட்டத்தினுள் வந்தது 2009இலேயே.

இவ்வுதவி பயனளித்ததா? ஆய்வுகள் ஒருமுகப்பட்டனவல்ல. 2012இல் வெளியான மதிப்பீடொன்று, உதவி பெற்றோர் நான்காண்டுகளின் பின்னும் ஏனைய வேலையிழந்தோரைவிடக் குறைவாகவே உழைத்தனர் எனக் கண்டது. 2018இன் ஓர் ஆய்வோ, விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி யார் என்பது தற்செயலாக அமைவதைப் பயன்படுத்தி நுணுக்கமாக ஒப்பிட்டு, உதவி பெற்றோர் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 50,000 டொலர் கூடுதலாக உழைத்தனர் என்றது. ஒரே வகையான வேலையிழப்பு. ஒரு மேசையிற் கிடைத்த அனுமதி, அடுத்த மேசையில் மறுப்பு. அதனால் வாழ்க்கையே வேறாயிற்று என்பதை இவ்வாய்வு மறைமுகமாகக் காட்டிவிட்டது. இவ்வுதவி எட்டாத இடங்களில் மக்கள் எங்கே சென்றனர் என்பதற்கும் விடை உண்டு. சீன இறக்குமதி கடுமையாகத் தாக்கிய பிரதேசங்களை ஆராய்ந்த ஒட்டர், டோர்ன், ஹன்சன் என்போர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கு இயலாமை உதவிப்பணம் பெறுவோரின் செலவு உயர்ந்த அளவின் முன் இச்சட்டத்தின் உதவி மிகச் சிறிது என்று காட்டினர். வேலையற்றவன் நோயாளியாகப் பதியப்பட்டான்.

6

2015 யூன் 12ஆம் திகதி பிரதிநிதிகள் சபையிலே விந்தையானதொரு வாக்கெடுப்பு நடந்தது. பசிபிக் நாடுகளுடனான புதிய ஒப்பந்தத்துக்காக ஒபாமா அரசாங்கம் அதிகாரம் கோரியது. உதவிச் சட்டமும் அதனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உதவி தோற்றால் அதிகாரமும் தோற்கும் என்றறிந்த தொழிற்சங்கங்கள், தொழிலாளருக்கான உதவியையே எதிர்த்து வாக்களிக்கும்படி தம் நண்பர்களைக் கேட்டன. 302க்கு 126 என்ற கணக்கில் உதவி தோற்கடிக்கப்பட்டது. இதனை முரண்பாடு என்று நகைத்தவர் உண்டு. ஆனால் ஐம்பதாண்டு அனுபவத்தின் தெளிவு அதில் இருந்தது. தம் வாக்குக்குக் கொடுக்கப்படும் விலை எவ்வளவு என்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். இரு வாரங்களுக்குள் ஆட்சியாளர் இரண்டையும் பிரித்துத் தனித்தனியே நிறைவேற்றிக்கொண்டனர்.

2021 யூலையில் ஜனாதிபதியின் பேரம் பேசும் அதிகாரம் காலாவதியானது. புதுப்பிக்கும்படி எவரும் விரைந்து கேட்கவில்லை. எனவே தொழிற்சங்கங்களின் சம்மதமும் தேவைப்படவில்லை. 2022 யூலை 1ஆம் திகதி உதவிச் சட்டத்தின் முடிவு விதி செயற்படத் தொடங்கியது. தொழில் திணைக்களம் புதிய விண்ணப்பங்களை ஆராய்வதை நிறுத்தியது. 1975இன் பின் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளருக்குத் தகுதிச் சான்று வழங்கிய ஏற்பாடு ஆரவாரமின்றி அடங்கியது. முப்பதாண்டு உழைத்த ஆலை, அம்மாதத்தின் பின் மூடப்பட்டதாயின் அதன் தொழிலாளிக்கு இவ்வாயில் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஈடு என்பது உரிமையாக எழுதப்படாமற் பேரத்தின் விலையாக எழுதப்பட்டால், பேரம் முடிந்தவுடன் அது தேய்ந்துபோகும். பேரம் பேசும் காலங்களில் விரிந்ததும், தேவை மிகுந்த 1981இல் வெட்டப்பட்டதும், வாக்கு வேண்டாத 2022இல் நின்றதும் தற்செயலல்ல. மேலும், காரணத்தை நிறுவும் கடமை இழந்தவன் மேல் வைக்கப்பட்டபோது, இறக்குமதியால் வீழ்ந்தவனும் இயந்திரத்தால் வீழ்ந்தவனும் ஒரே வீதியில் இரு சாதியினராயினர். 1954இல் ஆணைக்குழு எழுப்பிய கேள்விக்கு உரிய விடை இன்னும் சொல்லப்படவில்லை: எக்காரணத்தால் வேலையிழந்தாலும் மனிதனுக்கு வாழ்வுண்டு என்று சொல்லும் பொதுக் காப்பே அவ்விடை.

இது எமக்குப் புறம்பான கதையன்று. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம் நாடுகளுக்குப் பங்கு வகுத்துப் புடைவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது ஆடை ஆலைகள் இங்கு வந்தமைக்கு அப்பங்கும் ஒரு காரணம். அமெரிக்கா எமது ஆடைகளின் மிகப்பெரிய சந்தையாயிற்று. அங்கே தையல் இயந்திரத்தை விட்டெழுந்த பெண்ணின் இருக்கையில், கடல் கடந்து, எமது கிராமங்களிலிருந்து சென்ற பெண் அமர்ந்தாள். அவளிலும் குறைந்த சம்பளத்திற்கு, அவளிலும் குறைந்த பாதுகாப்போடு. 2005 ஜனவரியில் அப்பங்கு முறை நீங்கியபோது அவள் அஞ்சினாள். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்மீது 44 சதவீதத் தீர்வையை வொஷிங்டன் அறிவித்தபோது மீண்டும் அஞ்சினாள். அவ்வீதம் பின்னர் குறைக்கப்பட்டமை அவளைக் கேட்டு நிகழ்ந்ததன்று. கனப்பொலிசில் கதவை மூடிய கையும் கட்டுநாயக்காவிற் கதவைத் திறந்த கையும் மூலதனத்தின் கைகளே.

ஆகவே இவ்விரு பெண்களும் ஒருவர் வேலையை மற்றவர் திருடியதாக எண்ணும்வரை இருவருக்கும் விடிவில்லை. தீர்வை ஏறினாலும் இறங்கினாலும் அதன் பாரத்தைத் தாங்குபவர் தாமே என்பதை அவர்கள் உணரும்போது, ஈடு கேட்கும் குரலோடு, ஆலை எங்கே அமைய வேண்டும், எப்போது மூடப்படலாம், இலாபம் எதற்குச் செலவிடப்பட வேண்டும் என்று கேட்கும் குரலும் சேர்ந்தெழும். யங்ஸ்ரவுண் மக்கள் 1977இல் கேட்டது அக்கேள்வியையே. அதனைத் தம் வகுப்பறைகளில் மாணவர் முன் வைப்பது எமது ஆசிரியர்களின் கடமையாகும்.